மரியாதை என்னும் சொல்லும் 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும்

நம் தமிழ்ப்பள்ளிகளின் நன்னெறிக் கல்விப் பாடத்தில் இடம்பெறும் பண்புகளுள் மரியாதையும் ஒன்று. அதனை விளக்கப் புகும் ஆசிரியர் பெரும்பாலும் பெற்றோரை வணங்குதல், ஆசிரியரைக் கண்டு எழுந்து நிற்றல், முதியோருக்கு இருக்கை தருதல் ஆகியவற்றையே எடுத்துக்காட்டுவர். இவை அனைத்தும் கீழிருந்து மேல்நோக்கிச் செல்வன. மரியாதை என்பது சிறியவர் பெரியவருக்குச் செலுத்துவது மட்டுமே என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் இவ்வாறே ஊன்றப்படுகின்றது. ஆயின் இச்சொல்லின் வரலாறு அத்துணை எளியதன்று. மலாயாத் தோட்டப்புறத்தில் 1941ஆம் ஆண்டு எழுந்த போராட்டம் ஒன்றில் மரியாதையின் பொருளும் வழக்கிடப்பட்டது. அப்போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சொல்லின் வரலாற்றையும் மக்களின் வரலாற்றையும் இணைத்துக் காண இக்கட்டுரை முற்படுகின்றது.

மரியாதை என்பது 'மர்யாதா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமாகும். எல்லை, கரை, வரம்பு என்பன அதன் தொல்பொருள்கள். வரம்பு கடவாத நடத்தை என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்ததாகும். சங்க இலக்கியத்திலோ திருக்குறளிலோ இச்சொல் இல்லை. வள்ளுவர் 97 முதல் 100 வரையிலான அதிகாரங்களில் மானம், பெருமை, சான்றாண்மை, பண்புடைமை ஆகியவற்றைப் பேசுகின்றார். இவை ஒருவர் பிறருக்குச் செலுத்துபவை அல்ல. ஒருவர் தம்மிடத்தே உடையவை. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளுதல் நன்று.

இன்று ஒருபொருட் சொற்களாக வழங்கும் பிற சொற்களும் வெவ்வேறு வேரின. மதித்தல் என்பது அளவிடுதல். நம் நாட்டில் புள்ளி என்று வழங்குவதைத் தமிழகத்தார் மதிப்பெண் என்பதும் அவ்வேரினின்று வந்ததே. கௌரவம் 'குரு' என்னும் அடியிற் பிறந்து பாரத்தைக் குறிப்பது. 'கனம் நீதிபதி அவர்கள்' என்னும் தொடரிலும் எடையே பேசப்படுகின்றது. வணங்குதல் என்பதற்கு வளைதல் என்பது முதற்பொருள். மலாய்மொழியின் 'ஹொர்மாத்' அரபியினின்று வந்தது. பிறர் மீறக்கூடாத புனிதம் என்பது அதன் மூலப்பொருள். ஆகவே எல்லை என்னும் கருத்தில் மரியாதைக்கு மிக அணுக்கமான சொல், நம் அண்டை மொழியிலேயே உள்ளது.

எல்லை என்னும் பழம்பொருளை ஏட்டில் தேட வேண்டியதில்லை. அது பேச்சு வழக்கில் இன்றும் உயிரோடிருக்கின்றது. 'மட்டு மரியாதை' என்னும் இணைமொழியில் மட்டு என்பது அளவு, வரம்பு. 'மரியாதையாகப் போய்விடு' என்று ஒருவர் உரைத்தால் அங்கே பணிவுக்கு இடமேது? வரம்பைக் கடந்தால் விளைவு வேறாகும் என்னும் எச்சரிக்கையே அது. மாணவரிடம் இத்தொடரைக் கொடுத்துப் பொருள் கேட்டுப் பார்க்கலாம்.

உயர்வுப் பன்மையின் வரலாற்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஒருவரைப் பன்மையாற் சுட்டுவது வழக்கில் அமைந்த உயர்த்திக் கூறலேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்துள் தெளிவாக்குகின்றது. புறநானூற்றுப் புலவர் வேந்தனை 'நீ' என்றே விளித்தனர். பாடியவர்க்கும் பாடப்பட்டவர்க்கும் அதனாற் குறைவு நேரவில்லை. பன்மையே நாளடைவில் மரியாதையின் அடையாளமாயிற்று. நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் பெருகின. படிகள் பெருகியபோது 'நீ' கீழ்ப்படியாயிற்று. தோட்டத்தில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒருசேர 'நீ' என்றும் 'டா' என்றும் விளி கிடைத்தபோது அது உறுத்தியது இதனாலேதான்.

தமிழகத்துக் கோயில்களில் மரியாதை என்பது கண்ணாற் காணத்தக்க பொருளாகவும் நின்றது. பரிவட்டம், மாலை, தீர்த்தம், பிரசாதம் ஆகியவற்றை யார் முதலிற் பெறுவது, யார் அடுத்துப் பெறுவது என்னும் வரிசையே அங்கு மரியாதை. முதல் மரியாதைக்காக ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் வரை வழக்குகள் சென்றன. அவ்வரிசையில் இடம்பெறாதோர் எண்ணற்றோர். கோயிலுக்குள்ளேயே விடப்படாதோரும் இருந்தனர். வரிசையைக் காப்பதும் வரம்பைக் காப்பதும் ஒன்றாகவே கருதப்பட்டன.

இந்நிலையில்தான் 1925இல் ஈ.வெ. இராமசாமிப் பெரியார் தொடங்கிய இயக்கம் 'சுயமரியாதை' என்னும் தொடரை முன்னிறுத்தியது. இரு கூறும் வடசொல்லாகவே அமைந்த தொடரொன்று வடமொழி மேலாண்மையை எதிர்த்த இயக்கத்தின் பெயராயிற்று. பின்னாளில் தன்மானம் என்றும் வழங்கினர். ஆயினும் பழைய பெயரே நிலைத்தது. நம் கருத்தில் அப்பெயரின் ஆற்றல் வேறோரிடத்தில் உள்ளது. பிறர் வழங்க வேண்டிய ஒன்றைத் தன்னிடத்தே உடையதாக ஒருவன் கூறிக்கொள்ளும்போது வரிசை குலைகின்றது. படிநிலைகளுக்கு இடையே கிடந்த கோடு ஒவ்வோர் ஆளையும் சுற்றி வரையப்படுகின்றது. எல்லை என்னும் பொருள் மறையவில்லை. அது இடம் மாறியது.

பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்தார். பினாங்கில் இறங்கிச் சிங்கப்பூர் வரை பல ஊர்களிற் சொற்பொழிவாற்றினார். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இலும், கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1935இலும் தோன்றின. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. தோட்டத்து லயங்களில் சாதி பார்த்து வீடு ஒதுக்கிய காலம் அது. எனவே அங்கு மரியாதைச் சிக்கல் வெள்ளைத் துரைக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே மட்டும் நிகழ்ந்ததன்று. கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளுமாவர். கங்காணியோ பெரும்பாலும் தொழிலாளியின் ஊரவன்.

1941இன் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. முன்னின்றவர்களுள் ஒருவர் 'தமிழ் நேசன்' இதழிற் பணியாற்றிய ஆர்.எச். நாதன். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது அவற்றின் கலவை நம்மை வியக்கச் செய்கின்றது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை ஆகியவற்றோடு மற்றொன்றும் இருந்தது. துரை முன்னும் தோட்ட அலுவலர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்ல இசைவு வேண்டும் என்பதே அது.

கூலிப் போராட்டம் என்று மட்டும் இதனைப் படிப்போர் இக்கோரிக்கையைச் சில்லறையாக எண்ணிக் கடந்துவிடக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கொடுக்கும் முதலாளிக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை. கேட்கும் தொழிலாளிக்கு ஒரு காசும் வரவில்லை. செலவே இல்லாத ஒன்றைக் கேட்டுப்பெற வேண்டியிருந்தது என்பதே அதன் கனத்தைக் காட்டும். சைக்கிள் தொழிலாளி தன் உழைப்பிற் சேர்த்த பணத்தில் வாங்கியது. அதன்மீது அமர்ந்தால் நடந்துவரும் துரையைவிட அவன் தலை உயர்ந்திருக்கும். இறங்கு என்னும் விதி வண்டியை அன்று, அந்த உயரத்தையே நோக்கியது. அவர்கள் துரையை இழிவு செய்ய உரிமை கேட்கவில்லை. தம் வழியே போக உரிமை கேட்டனர். சுயமரியாதை என்னும் சொல் ஏட்டை விட்டுத் தோட்டப் பாதைக்கு வந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் நாட்டு வரலாற்றில் அரிது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மீண்டும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளரை அடக்க அனுப்பப்பட்டவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஏழு திங்கள் கழிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. தீபகற்பத்தின் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்த அப்படையினர் பல்லாயிரவர் சைக்கிளில் வந்தனர். துரைமார் தோட்டங்களை விட்டுச் சிங்கப்பூருக்கு விரைந்தனர். சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ல ஆளில்லாத அந்நாட்கள் நீடிக்கவில்லை. சாலைச் சந்திகளில் ஜப்பானியக் காவற்சிப்பாய்கள் நின்றனர். அவர்கள் முன் இடுப்பு வளைய வணங்காமற் சென்றவர், தமிழராயினும் சீனராயினும் மலாய்க்காரராயினும், கன்னத்தில் அறை வாங்கினர்.