செக்ரோலில் ஏறிய வயது

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில், மலாய்ப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்க 1922இல் தொடங்கப்பட்டது சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. 1997இல் அது பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே தமிழ்மொழிக் கல்வியும் உண்டு, மனித மேம்பாட்டுக்கென்று தனிப் புலமும் உண்டு. வடக்கே ஈப்போவின் ஆசிரியர் கல்விக் கழகத்திலும் குழந்தை வளர்ச்சி ஒரு பாடம். கருவறை முதல் முதுமை வரை மனிதன் வளரும் விதத்தைக் கற்பிக்கும் இப்பாடத்தின் சட்டகம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு வயதில் குழந்தையின் சிந்தனை மாறுவதைச் சொல்லும் பியாஜே, வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பிரிக்கும் எரிக்சன், ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய பணிகளைப் பட்டியலிடும் ஹாவிகர்ஸ்ட் ஆகியோர் அதில் தவறாமல் வருவார்கள். அவர்களைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பேராக்கில் அவர்களை மட்டும் படித்தால் போதாது என்பது என் கருத்து. குழந்தைமை எப்போது முடிகிறது, முதுமை எப்போது தொடங்குகிறது என்ற கேள்விகளுக்கு இந்த மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் தங்கள் போக்கில் விடை சொல்லி வந்தன. அந்த விடையை எழுதியதில் உடலின் வளர்ச்சியைவிடக் கூலிக்கும் சட்டத்துக்கும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டுக்கும் பங்கு அதிகம்.

1877இல் கோலா கங்சாருக்கு வந்த சில ரப்பர்க் கன்றுகளை அங்கிருந்த பிரிட்டிஷ் ஆலோசகர் ஹியூ லோ நட்டார். முப்பது ஆண்டுகளில் கிந்தா, கோலா கங்சார், கீழ்ப் பேராக் எங்கும் காடு அழிந்து கித்தா எனப்படும் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக எழுந்தன. அவற்றில் பால் வெட்ட, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். 1931இல்கூட மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. இதன் பொருளை ஊன்றிப் பார்க்க வேண்டும். மனித வாழ்வின் நடுப்பகுதியை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த உடம்பைப் பெற்று வளர்த்துப் பதினெட்டு வயதுவரை சோறு போட்ட செலவு தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வடஆற்காட்டுக் கிராமங்களுடையது. அது தளர்ந்தபின் காப்பாற்றும் செலவும் அவற்றின் தலையில்தான் விழுந்தது. 1907இல் உருவான தமிழ்க் குடியேற்ற நிதி, ஆள் வரவழைக்கும் செலவோடு, உழைக்க முடியாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்றது. 1930களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, திடமாக இருந்தவர்களும் குடும்பம் குடும்பமாகப் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டார்கள். வாழ்க்கையின் இரு முனைகளும் கடலுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பதே தொடக்ககாலத் தோட்டத்தின் கணக்கு.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. இனி ஆள் வேண்டுமென்றால் தோட்டத்திலேயே பிறந்து வளர வேண்டும். அதற்கு முன்பே பெண்களும் குழந்தைகளும் லயங்களில் பெருகத் தொடங்கியிருந்தார்கள். அங்கே பிறந்த குழந்தையின் முதல் உலகம் ஆயாக்கொட்டகை. ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருள் பிரியும் முன்னரே பெரட்டு. பெயர் கூப்பிடும் அந்த நேரத்துக்குள் தாய் தன் கைக்குழந்தையைக் கொட்டகையில் விட்டாக வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றிப் பாடநூல்கள் அத்தியாயக் கணக்கில் பேசுகின்றன. தோட்டத்தில் அந்தப் பிணைப்பின் நேரத்தை மரத்தின் பால் தீர்மானித்தது. கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா பெரும்பாலும் பால் வெட்ட நிரைக்குப் போக முடியாத வயதான பெண். பாலூட்டும் பருவத்தையும் பல்விழுந்த பருவத்தையும் தோட்டம் ஒரே கூரையின்கீழ் சேர்த்தது. உளி பிடிக்கும் கைகள் இரண்டு பக்கமும் விடுபட வேண்டும் என்பதே அதன் தேவை. அந்த ஏற்பாட்டுக்குள்ளும் தாலாட்டு இருந்தது, கதை இருந்தது, குழந்தைகளின் காதில் தமிழ் விழுந்தது. நிர்வாகம் சம்பளம் கொடுத்தது பிள்ளை பார்ப்பதற்கு. பாட்டிகள் செய்தது அதைவிடப் பெரிய வேலை. இதைச் சொல்லாமல் விட்டால் அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

அடுத்தது பள்ளி வயது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்களின் வழியே, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற கடமை ஏற்பட்டது. தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் இதைப் பெருமையோடு குறிப்பிடுவது வழக்கம். பேராக்கில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அதே ஆண்டுகளில் செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் ஆண், பெண், சிறுவர் என்று மூன்று பத்திகள் இருந்தன. பால் வடியும் மங்கு துடைக்க, ஒட்டுப்பால் பொறுக்க, வாளி தூக்கச் சின்னக் கைகள் போதும். பள்ளி, வேலை நேரத்துக்கு இடைஞ்சலில்லாமல் நடந்தது. பல தோட்டங்களில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் பார்த்தார், படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. மலாய் ஆசிரியர்களுக்குத் தஞ்சோங் மாலிமில் முழுநேரக் கல்லூரி கட்டிய அரசு, தமிழ் ஆசிரியர்களுக்கு அப்படியொன்றை அந்தக் காலத்தில் கட்டவில்லை. ஏழு வயதில் தொடங்கும் சிந்தனைப் பருவம் பதினொன்றுக்குப்பின் அருவச் சிந்தனையாக முதிர்கிறது என்கிறார் பியாஜே. அந்த முதிர்ச்சி தொடங்கும் வயதில்தான் தோட்டப் பள்ளியின் கதவு மூடியது. அதற்கப்பால் பாலர் வளர்ச்சி செக்ரோலின் பொறுப்பு.

குமரப்பருவம் என்று தனியே ஒன்று இருப்பதாக அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அதே ஆண்டுகளில்தான் பேராக்கில் தோட்டங்கள் பெருகின. அங்கே அந்தப் பருவத்துக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. தனக்கென்று ஒரு நிரை கிடைத்து, பெயர் செக்ரோலில் ஏறிய நாளில் சிறுவன் ஆளானான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுத் தகப்பனுக்கும் ஒரே பெரட்டு, வேலை வாங்க ஒரே தண்டல். ஜப்பானியர் காலம் இன்னும் கொடியது. சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டு மூத்த பிள்ளைகளுக்கு ஒரே இரவில் நடுவயது வந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. லயங்கள் முள்வேலிக்குள் வந்தன, ஊரடங்கு வந்தது. எரிக்சனின் எட்டுப் படிகள் நூலாக வெளிவந்த 1950இல் பேராக்கின் தோட்டப் பிள்ளைகள் அந்த வேலிக்குள்தான் வளர்ந்தார்கள். பருவத்தின் எல்லையைச் சட்டம் நகர்த்த முடியும் என்பதற்கு அடுத்து வந்த ஆண்டுகளே சான்று. இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு 1964இல் நீங்கியது. பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவது பற்றிய 1966இன் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதவரைப் பிள்ளை என்றும், பதினாறு நிரம்பாதவரை இளையர் என்றும் வரையறுத்தது. பின்னர் வந்த திருத்தம் அவற்றைப் பதினைந்து, பதினெட்டு என்று உயர்த்தியது. தமிழ்ப் பள்ளியிலிருந்து போகிறவர்களில் சிலருக்குப் புகுமுக வகுப்பு என்ற கூடுதல் ஓராண்டும் உண்டு. ஒரே வயதுடைய இரண்டு பிள்ளைகளில் ஒருவர் முதலாம் படிவத்திலும் மற்றவர் அதற்கு வெளியிலும் இருப்பதை எந்த உயிரியலும் விளக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பல் முளைப்பது, நடை பழகுவது, பூப்பெய்துவது, கண் மங்குவது இவையெல்லாம் எந்தத் துரையையும் கேட்டு நடப்பதில்லை, ஆகவே பாடநூலின் பருவங்கள் எங்கும் பொருந்தும் என்பார்கள். உடலுக்கென்று ஓர் ஒழுங்கு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கும் மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் கேட்டுத்தான் நடந்தது. இரத்தச்சோகை பிடித்த தாயின் குழந்தையும், குடலில் புழுவோடு வகுப்பில் உட்கார்ந்த சிறுவனும் வளர்ச்சி அட்டவணையின் சராசரியில் நிற்க மாட்டார்கள். தவிர, உடல் தருவது மாற்றம் மட்டுமே. எந்த மாற்றத்தை எல்லைக்கோடாகக் கொள்வது என்பதைச் சமுதாயமே முடிவு செய்கிறது. நம் இலக்கண மரபு பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்து நாற்பதோடு நிறுத்திக்கொண்டது. நாற்பதுக்கு மேலும் பெண்கள் வாழ்ந்தார்கள், ஆனால் வகுத்தவர்களின் கவனம் அங்கே இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியது. ஊரில் இருந்திருந்தாலும் இந்தப் பிள்ளைகள் ஆடு மேய்த்தும் பண்ணையில் வேலை செய்தும்தான் வளர்ந்திருப்பார்கள், தோட்டமாவது பள்ளி கொடுத்தது என்பது அது. உண்மைதான். தோட்டத்துக்கு வந்தவர்களில் பலர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். பண்ணையாளின் மகனுக்கு ஊர்ப் பள்ளித் திண்ணையில் இடம் கிடைத்திருக்காது. தோட்டத்தின் ஒற்றை அறைப் பள்ளி அவனுக்கு முதல் எழுத்தைத் தந்தது. அந்த நன்மையை மறைத்து வரலாறு எழுதக் கூடாது. ஆனால் என் வாதம் கிராமம் சொர்க்கம் என்பதல்ல. பண்ணையும் தோட்டமும் தத்தம் உழைப்புத் தேவைக்கேற்ப வயதை வகுத்தன என்றால், அது என் வாதத்துக்கு இன்னொரு சான்றாகிறதே தவிர மறுப்பாகவில்லை.

முதுமையில்தான் தோட்டத்தின் முத்திரை மிக ஆழமாகப் பதிந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது, ஐம்பத்தைந்தில் பணம் எடுக்கலாம் என்றானது. அரசின் கணக்கில் ஓய்வு அங்கே தொடங்கியது. தோட்டத்தில் ஓய்வென்றால் வீடு போவது. லயத்து வீடு வேலைக்கு உரியதே அன்றி ஆளுக்கு உரியதன்று. ஆகவே கிழவனின் கூரை, மகனோ மருமகளோ செக்ரோலில் இருப்பதைப் பொறுத்தது. வாழ்ந்த வாழ்க்கையை நிறைவோடு திரும்பிப் பார்ப்பது முதுமையின் பணி என்கிறார் எரிக்சன். திரும்பிப் பார்க்க உட்காரும் திண்ணையே சொந்தமில்லாதவருக்கு அந்தப் பணி எப்படி அமையும்? சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கத் தொடங்கினார். அதைப் பொருளாதார முயற்சியாக மட்டும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒரு தலைமுறையின் முதுமைக்கு நிலம் தேடிய முயற்சியாகவும் தெரிகிறது. எல்லோருக்கும் அது எட்டவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தபோது, பலர் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். 2013இல் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபதானபோது, பால் மரத்தடியில் தேய்ந்த அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் வேலைக்காலத்தைக் கடந்திருந்தார்கள்.

மூன்றாவதாக ஒரு மறுப்பும் சொல்வார்கள்: உளவியலே இதை ஒப்புக்கொண்டுவிட்டது, உளவியலாளர் பிரான்பென்பிரென்னர் 1979இலேயே சூழலின் அடுக்குகளைப் பேசிவிட்டார், எனவே புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1920, 1921இல் பிறந்த பிள்ளைகளின் வாழ்வைப் பெருமந்தம் எப்படித் திருப்பியது என்று காட்டியது. அது அருமையான ஆய்வு. ஆனால் அதே மந்தத்தில் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறி நாகப்பட்டினம் போய், சிலர் மீண்டும் திரும்பிவந்த பேராக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் வாழ்க்கைப்பாதையை அவ்வாறு பின்தொடர வேண்டிய ஆய்வு இங்கேயே தொடங்க வேண்டியது. ஓக்லாந்துச் சான்றைப் படிக்கும் மாணவர்களில் தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. முதியவர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுதச் சொல்வது இத்தகைய பாடங்களில் நல்ல பயிற்சி. அந்தப் பேட்டியில் எரிக்சனின் படிகளோடு வேறு சில கேள்விகளும் சேரட்டும். எந்த வயதில் நிரை கிடைத்தது? எத்தனையாம் வகுப்போடு படிப்பு நின்றது, யார் நிறுத்தியது? ஆயாக்கொட்டகையில் விட்ட பிள்ளை எது? தோட்டம் விற்கப்பட்டபோது வீட்டை விட்டுப் போக எத்தனை நாள் கொடுத்தார்கள்? எழுபது, எண்பது வயதில் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த விடைகளைப் பதிவு செய்யும் வேலையைப் பல்கலைக்கழகம் இந்தக் கல்விப் பருவத்திலேயே தொடங்கலாம்.