சேர்வராயன் ஏற்றம்

பங்குனியில் பொம்மிடிப் பக்கமிருந்து சேர்வராயன் மலைக்குத் தனியே ஏறுவதென்றால் விடியுமுன் கிளம்பிவிடுவேன். ஆல்ப்ஸில் வசந்தகாலத்தில் பனிச்சறுக்குக்கு மலையேறுகிறவர்களும் இருட்டிலேயே புறப்படுவார்கள். வெயில் ஏறினால் பனி இளகிச் சரியும். எனக்குப் பாறையின் சூடுதான் கெடு.

இந்த மலையின் கதையை வெள்ளைக்காரரிடமிருந்து தொடங்குவது எனக்கு ஒப்பாது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். 1862இல் சென்னை–பேப்பூர் ரயில்பாதை முழுமையடைந்தது; அது நம் அடிவாரத்தைத் தொட்டுத்தான் போகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் மேலே சாமையும் ராகியும் விளைத்தார்கள். பாதைகள் அவர்கள் கால் பட்டுத் தேய்ந்தவை. 5,000 அடிக்கு மேலே, குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் இன்றும் திரண்டு வருகின்றன.