கூர்க்கா கத்தியும் அதன் உறையும்

எமர்ஜென்சி காலத்தில் (1948–1960) மலாயாக் காடுகளில் ரோந்து வந்த கூர்க்கா வீரர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். "குக்ரிய உருவினா ரத்தம் பார்க்காம உறையில போடமாட்டாங்க" என்பார்கள். வெறும் கட்டுக்கதை! விறகு வெட்டவும் கறி நறுக்கவும் அதே கத்திதான். உறையைப் பார்த்தாலே விளங்கும்.

மரத்துண்டு இரண்டைக் குடைந்து ஒட்டி, எருமைத்தோல் போர்த்தியிருப்பார்கள். அதன் பின்புறத்தில் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். கர்தா, சில்லறை வேலைகளுக்கு. மழுங்கலான சக்மக், குக்ரியைத் தீட்டவும் கல்லில் தட்டித் தீ மூட்டவும். சண்டைக்கு மட்டுமென்றால் இதெல்லாம் எதற்கு?

உருவும்போது உறையைக் கத்தியின் முதுகுப் பக்கமாகவே பிடிப்பார்கள். வாய்ப் பக்கம் விரலைச் சுற்றினால், ஒட்டு விட்ட இடத்தில் கூர்முனை கிழித்துக்கொண்டு வந்து கையைப் பதம் பார்த்துவிடும். பாராங் பிடிக்கும் அண்ணன்மாரே, நீங்கள் எந்தப் பக்கம் பிடிக்கிறீர்கள்?