தாய்வழி அரியணையும் தந்தைவழிக் குரலும்: தம்பிமார் கதையில் குடும்பப் பற்றும் அரசியல் நோக்கமும்

முன்னுரை

அரியணைக்காகப் பெருங்குடிகள் மோதுவதும், அம்மோதலில் அரசியல் நோக்கம் குடும்பப் பற்றின் வேடம் பூண்டு வருவதும் உலகெங்கும் கதைப்பொருளாகியுள்ளன. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ போன்ற இக்காலத் தொலைக்காட்சிக் கற்பனைத் தொடர்களுக்கு இங்கிலாந்தின் ரோசாப்பூப் போர்கள் (1455–1487) தூண்டுதலாயின. அப்போர்களில் தந்தைவழி, தாய்வழி மரபுகளை எண்ணி எந்தக் கிளை மூத்தது என்று வழக்காடினர். மன்னனின் மகன் வாரிசாவான் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வேணாட்டில் 1729இல் எழுந்த மோதலோ இதனின்று வேறுபட்டது. அங்கே மகனா, மருமகனா என்பதே வினா. குடும்பம் என்பது எது என்ற அடிப்படையே அங்கு வழக்காயிற்று. தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடலான ‘தம்பிமார் கதை’ அவ்வழக்கைத் தோற்றவர் பக்கம் நின்று பாடுகிறது. அதனை அரச வரலாற்றோடும் மலையாள நாவலோடும் ஒப்பிட்டு, பற்றும் நோக்கமும் எங்கே பிரிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாய உரிமையும் ‘தம்பி’ப் பட்டமும்

வேணாட்டு அரசகுடியில் மருமக்கள்வழித் தாயமே வழக்கு. மன்னனுக்குப் பின் அவன் உடன்பிறந்தானோ உடன்பிறந்தாள் மகனோ அரசனாவான். அரசனைப் பெறும் தாய் ஆற்றிங்கல் அரசி. மன்னனின் மனைவி அரசியல்லள். அவளுக்கு ‘அம்மச்சி’ என்பதும், அவள் ஈன்ற ஆண்மக்களுக்குத் ‘தம்பி’ என்பதும், பெண்மக்களுக்குத் ‘தங்கச்சி’ என்பதும் பட்டங்கள். தமிழில் தம்பி என்பது இளையோனைக் குறிக்கும் உறவுப்பெயர். வேணாட்டில் அதுவே அரசன் மகனைக் குறித்து, அவன் அரசனாகான் என்பதையும் உடன் சொல்லும் பட்டமாயிற்று. மரியாதையும் விலக்கும் ஒரே சொல்லில் அடங்கியமை கருதத்தக்கது.

1724 முதல் 1729 வரை ஆண்ட இராமவர்மரின் மக்கள் பப்புத் தம்பியும் இராமன் தம்பியும். கதைப்பாடல் இவர்களை வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என வழங்குகிறது. இராமவர்மர் மறைந்ததும் அவர் மருமகன் மார்த்தாண்டவர்மர் (ஆட்சி 1729–1758) அரியணை ஏறினார். தம்பிமார் தந்தையின் அரசு தமக்கே என்றனர். எட்டுவீட்டில் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றனர்.

பிள்ளைமாரின் நோக்கம்

கழக்கூட்டம், இராமனாமடம், செம்பழந்தி, குடமண், வெங்ஙானூர், மார்த்தாண்டம், பள்ளிச்சல், கொளத்தூர் என எண்ணப்படும் எட்டு வீடுகளில் சில நெய்யாற்றின்கரையை அடுத்தவை. அனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஆட்சி எட்டரை யோகத்திடம் இருந்தது. கோயில் நிலங்களில் வரிதண்டும் பொறுப்பினால் பிள்ளைமார் வலிமை பெற்றனர். 1721இல் ஆற்றிங்கலில் அஞ்சுதெங்கு ஆங்கிலேயர் ஏறத்தாழ 140 பேர் கொல்லப்பட்ட நிகழ்வு, நாட்டின் படைவலி மன்னன் கையில் இல்லாமையைக் காட்டிற்று.

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. பிள்ளைமார் மருமக்கள்வழியினர், தம் வீட்டுச் சொத்தில் ஒரு பிடி மண்ணும் தம் மகனுக்குச் சேர ஒவ்வாதவர். அத்தகையோர் அரசன் மகனுக்கு அரசுரிமை உண்டு என்று வாளெடுத்தனர். எனவே அவர்தம் ஆதரவைத் தாயக் கொள்கையின் விளைவாகக் கொள்ளவியலாது. தம்மையே சார்ந்து நிற்கும் மன்னன் ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். மரபால் உரிமையற்ற மகன், தன்னை அமர்த்தியவர்க்கு என்றும் கடன்பட்டிருப்பான். தம்பிமாரின் குடும்பப் பற்று உண்மை; பிள்ளைமாருக்கு அது கருவி.

தம்பிமார் தம் வழக்கைத் திருச்சிராப்பள்ளி நாயக்கரின் அதிகாரியான அழகப்ப முதலியாரிடம் கொண்டுசென்றனர் என்றும், அவர் படையுடன் வந்து விசாரித்து, நாட்டு வழக்கப்படி மருமகனுக்கே உரிமை எனக் கண்டு திரும்பினார் என்றும் சங்குண்ணி மேனன் 1878இல் வெளியிட்ட வரலாறு கூறுகிறது. பின்னர் நாகர்கோவிலில் மன்னர் தங்கியிருந்த இடத்தில் உடன்பிறந்தார் இருவரும் கொல்லப்பட்டனர்.

கதைப்பாடல் காட்டும் நியாயம்

கதைப்பாடல் நிகழ்வை வேறிடத்தில் தொடங்குகிறது. அதில் தாயம் பின்னுக்குச் செல்கிறது. தங்கை முன்னுக்கு வருகிறாள். மார்த்தாண்டவர்மர் தம்பிமாரின் தங்கையை விரும்புகிறார். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அரசு வேண்டும் என்று தமையன்மார் நிபந்தனை வைக்கின்றனர், மன்னர் இசையவில்லை. பகை அங்கே பிறக்கிறது. தமையன்மார் மாண்டபின் தங்கையும் உயிர்விடுகிறாள்.

அரசியல் வழக்கைப் பெண்கேட்பாக மாற்றியதனைப் பாணரின் புனைவு என்று ஒதுக்கிவிடலாகாது. அந்நிபந்தனையை உற்றுநோக்கின், 1729ஆம் ஆண்டின் வழக்கே அதில் மறுபடி எழுதப்பட்டிருப்பது புலனாகும். ‘எங்கள் தாய்க்கு நேர்ந்தது எங்கள் தங்கைக்கு நேரக்கூடாது’ என்பதே அதன் உட்பொருள். அரசன் மனைவி அரசியாகாள், அவள் மகன் தம்பியாகவே நிற்பான் என்ற விதியை அடுத்த தலைமுறையிலேனும் உடைக்க அவர்கள் முயல்கின்றனர். பற்றும் நோக்கமும் இவ்விடத்தில் பிரிக்கவொண்ணாதபடி இணைகின்றன.

கேட்போர் எவர் என்பதும் இங்கு முதன்மையானது. அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வில்லிசையின் களம் கோயில் கொடை. அதனைக் கேட்டோருள் பெரும்பகுதியினர் மக்கள்வழிக் குடிகள். தந்தை சொத்து மகனுக்கு என்பது அவர்தம் இயல்பறிவு. தம்பிமாரின் கோரிக்கை அரண்மனைக்குக் கலகம். கொடைப் பந்தலுக்கு நியாயம். கொலையுண்டோரைப் பாடி ஆற்றுவது வில்லுப்பாட்டின் நெறியாதலின், தோற்றவர் குரல் அங்கே அழியாது நின்றது.

வென்றவர் எழுதிய வரலாறு

சி.வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். அதில் இளவரசர் உயிர்தப்பித் திரியும் நாயகர். தம்பியும் பிள்ளைமாரும் சதிகாரர். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் உள்ள ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பலாமரப் பொந்தில் அவர் ஒளிந்திருந்தார் என்ற செவிவழிச் செய்தி இதே சார்பினது. அரசியாக முடியாதவளுக்குப் பட்டமாக நின்ற ‘அம்மச்சி’ என்னும் சொல், அரசனைக் காத்த மரத்திற்குத் தாய் என்னும் பொருளில் வழங்குகிறது. அதே ஆசிரியர் ‘தர்மராஜா’வில் (1913) பிள்ளைமார் வழித்தோன்றல்களின் பழிவாங்கலைக் கதையாக்கினார். வென்ற தரப்பின் இலக்கியமும் அவ்வீடுகளை எளிதில் மறக்கவில்லை.

பிள்ளைமாருக்கு நேர்ந்த தண்டனை பற்றிய மரபுச் செய்தியும் தாய நோக்கில் விளக்கம் பெறுகிறது. ஆடவர் கொல்லப்பட்டனர்; வீடுகள் இடித்துக் குளமாகத் தோண்டப்பட்டன; பெண்டிரும் சிறாரும் மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்பர். தந்தைவழிக் குடியாயின் ஆடவரை அழித்தாலே வழி அற்றுவிடும். தாய்வழிக் குடியில் பெண் உள்ளவரை வீடு அழியாது. எனவேதான் தண்டனை பெண்டிரையும் மனையையும் தொட்டது எனக் கொள்ள இடமுண்டு. மருமக்கள்வழியால் அரியணை பெற்ற மன்னர், அவ்வழியை நன்கறிந்தே அதன் வேரைப் பிடுங்கினார்.

அவர் காலத்தில் ஆற்றிங்கல் அரசியரின் ஆட்சியுரிமையும் சுருங்கிற்று. 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மன்னர், 1750 சனவரி 3 அன்று நாட்டைப் பத்மநாபருக்கு அர்ப்பணித்தார். அதன்பின் அரசனை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பதாயிற்று. குடிப்பற்றுக்கு மேலாக ஒரு பற்றினை நிறுவியமையே அவரது அரசியல் வெற்றியின் முத்திரை எனலாம்.

தாயவழக்கின் பின்வரலாறு

அரண்மனையில் தோற்ற வழக்கு வீடுகளில் தொடர்ந்தது. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’, அவ்வழக்கத்தால் அல்லலுறும் மனைவி மக்களின் குரலாக அங்கதம் பாடிற்று. 1925இன் நாயர் சட்டமும் 1926இன் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டமும் மகனின் உரிமைக்கு வழிவகுத்தன. 1975இன் கேரளச் சட்டம் கூட்டுக்குடும்ப முறையையே நீக்கிற்று. அரசகுடியோ பழவழியை விடவில்லை. இறுதி மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் மறைந்தபின் இளவலும், அவருக்குப்பின் உடன்பிறந்தாள் மகனும் குடித்தலைமை ஏற்றனர். கோயில் நிர்வாகத்தில் அக்குடிக்குள்ள உரிமை அம்மறைவுக்குப் பின்னும் தொடர்கிறது என 2020 சூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடிவுரை

தம்பிமார் கதையைத் துரோகிகளின் கதை என்றோ, மாவீரரின் கதை என்றோ மட்டும் படிப்பது பொருந்தாது. தாயம் குறித்த இரு அறங்கள் ஒரே அரண்மனையில் மோதியதன் பதிவு அது; ஓர் அறத்திற்கும் உண்மையாயிராத பிள்ளைமார் அம்மோதலைப் பயன்கொண்டனர்.

இத்தகைய கதைப்பாடல்களை மலையாள ஆய்வாளர் ‘தெக்கன் பாட்டுகள்’ என்றும், தமிழாய்வாளர் வில்லுப்பாட்டு என்றும் தத்தம் இலக்கியத்தில் வைத்துள்ளனர். 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாடல்கள் வழங்கிய ஒரே நிலம் இரண்டாயிற்று. கள்ளிக்காடு முதல் பாறசாலை வரையுள்ள எல்லைச் சிற்றூர்களின் வழக்குமொழியில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. ‘தம்பி’, ‘அம்மச்சி’ என்னும் சொற்களின் இருபொருளும் அங்குள்ளோர்க்கு உரை வேண்டாமலே விளங்கும். ஒரு மொழித்துறை தனித்துப் பதிப்பித்தால் அவ்விரு பொருளில் ஒன்று விடுபடும். இருமொழி ஆய்வாளரும் அவ்வூர்களின் முதியோரையும் புலவரையும் துணைக்கொண்டு கூட்டுப் பதிப்பொன்றைக் கொணர்தல் வேண்டும். கேட்டு விளங்கிக்கொள்ளும் தலைமுறை இருக்கும்போதே அது நிகழவேண்டிய பணியாகும்.