விளையாட்டு உலகப் புதினம்

விளையாட்டு உலகப் புதினம் என்பது, வீடியோ கேமுக்காக உருவாக்கப்பட்ட கற்பனை நாட்டையும் அதன் மாந்தரையும் எடுத்துக்கொண்டு எழுதப்படும் நாவல். மாயம், அரக்கர், மந்திர வாள் என நிறைந்த மிகுபுனைவுகளே இவ்வகையில் பெரும்பகுதி. கதைக்கான உரிமை விளையாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும். எழுத்தாளர் ஒப்பந்தப்படி எழுதித் தருவார். நாட்டின் வரைபடம், அரச பரம்பரை, தெய்வங்கள், போர்களின் வரிசை எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அந்த வேலிக்குள் நின்று, விளையாட்டு சொல்லாமல் விட்டதைச் சொல்வதுதான் நாவலாசிரியரின் வேலை.

தமிழருக்கு இது பழகிய வேலை. பாரதத்து அர்ச்சுனனை மதுரைக்கு அழைத்துவந்து அல்லியை மணக்கவைத்தது அல்லி அரசாணி மாலை. பவளக்கொடி மாலையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கிய இந்தக் கதைப்பாடல்கள் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றன. எல்லாருக்கும் தெரிந்த ஓர் உலகம், அதற்குள் யாரும் சொல்லாத ஒரு கதை: விளையாட்டு உலகப் புதினத்தின் இலக்கணமும் அதுவே.

தொடக்கம்

1988இல் வந்த ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ கணினி விளையாட்டுக்கு 1989இல் ஜேம்ஸ் வார்ட், ஜேன் கூப்பர் ஹாங் இருவரும் நாவல் எழுதினார்கள். படமே இல்லாமல் எழுத்தாலேயே ஆடப்பட்ட ‘சோர்க்’ உலகை வைத்து ஜார்ஜ் அலெக் எஃபிங்கர் 1990இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் சிறுவருக்காக வந்த ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் பவர்’ வரிசை நூல்களில், விளையாட்டில் வெல்வதற்கான குறிப்புகள் தலைகீழாக அச்சிடப்பட்டிருந்தன. அந்த நாளில் நாவல் விளையாட்டுக்குக் கைவிளக்காக மட்டுமே இருந்தது.

‘மிஸ்ட்’ இதை மாற்றியது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் 1993இல் வெளியிட்ட அந்த விளையாட்டில், புத்தகம்தான் வேறோர் உலகத்துக்கு வாசல். 1995இல் அவர்கள் டேவிட் விங்ரோவுடன் சேர்ந்து எழுதிய ‘தி புக் ஆஃப் ஏட்ரஸ்’, உலகங்களையே எழுதி உண்டாக்கும் ஒரு குடும்பத்தின் தந்தை, மகன் பகையைச் சொல்கிறது. விளையாட்டைத் தொடாதவரும் படிக்கக்கூடிய நாவல் அது.

வார்கிராஃப்ட் நாவல்கள்

இவ்வகையின் வலிமையைப் பார்க்க வார்கிராஃப்ட் நாவல்களிடம் போக வேண்டும். பிளிசார்ட் நிறுவனம் தன் வார்கிராஃப்ட் உலகில் த்ரால் என்ற ஓர்க் இனத்து அடிமையைப் பற்றி ஒரு சாகச விளையாட்டைச் செய்துவந்து, 1998இல் பாதியில் கைவிட்டது. அந்தக் கதையை கிறிஸ்டி கோல்டன் ‘லார்ட் ஆஃப் தி கிளான்ஸ்’ என்ற நாவலாக்கினார். 2001இல் அது வெளிவந்தது. விளையாட்டு வெளிவராமலே போக, த்ரால் கதையைப் புத்தகம் காப்பாற்றிக் கொடுத்தது.

அதே ஆசிரியர் 2009இல் எழுதிய ‘ஆர்தஸ்’ இன்னும் ஆழமானது. 2002இல் வந்த மூன்றாம் வார்கிராஃப்ட் விளையாட்டில், இளவரசன் ஆர்தஸாக ஆடுபவர் ஸ்ட்ராத்ஹோம் நகரத்துக்குள் நுழைவார். கொள்ளைநோய் தொற்றிய தானியத்தை உண்ட மக்கள் நடைபிணங்களாக மாறுவதற்கு முன் அவர்களைக் கொல்ல வேண்டும். அதுதான் அந்தக் கட்டத்தின் இலக்கு. எண்ணிக்கை முடிந்தால் அடுத்த கட்டம் வந்துவிடும். கோல்டனின் நாவல் பல ஆண்டுகள் பின்னால் போகிறது. சிறுவன் ஆர்தஸ் உயிராக வளர்த்த ‘இன்வின்சிபிள்’ என்ற குதிரையை உறைபனியில் பாயவைக்கிறான். குதிரையின் கால்கள் முறிகின்றன. துடிக்கும் அதைத் தன் கையாலேயே கொல்கிறான். அந்தக் குற்ற உணர்வு ஆறவே இல்லை. பிற்காலத்தில் தீய சக்திக்குத் தன்னைக் கொடுத்தவன், அந்தக் குதிரையின் எலும்பைக் கல்லறையிலிருந்து எழுப்பி ஏறிப் போகிறான். அதைப் படித்தவருக்கு ஸ்ட்ராத்ஹோம் கட்டம் பழையபடி விளையாட்டாக இருக்காது. விளையாட்டு வெற்றியைக் கேட்கும். அதற்குக் கொடுத்த விலையை நாவல் கேட்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்காத நூல்களும் இவ்வகையில் ஏராளம். ஒவ்வொரு சண்டையையும் வெட்டுக்கு வெட்டு விவரித்துப் பக்கம் நிரப்பும் அவற்றை, ஆடி முடித்தவர் மட்டுமே ஒருமுறை படிப்பார். எதிர்த்திசைப் பயணமும் உண்டு: போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் விட்சர் கதைகள் முதலில் எழுத்தில் பிறந்து, 2007இல் விளையாட்டாயின. விளையாட்டின் விதிகளையே கதையின் விதிகளாக்கும் வகை இன்னொன்று. கொரிய இணைய நாவலாகத் தொடங்கிய ‘சோலோ லெவலிங்’ அப்படிப்பட்டது.

இந்தியாவும் தமிழும்

இந்திய மண்ணைத் தொட்ட விளையாட்டு நாவல்களில் குறிப்பிடத்தக்கது, ஆலிவர் பௌடன் என்ற பெயரில் 2015இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்: அண்டர்வேர்ல்டு’. அமிர்தசரஸில் வளர்ந்த ஜெயதீப் மீர், கொலைகாரச் சங்கத்தில் பயிற்சி பெற்றும் முதல் கொலையைச் செய்ய முடியாமல் கை தளர்கிறான். பிறகு லண்டனில் சுரங்க ரயில் பாதை தோண்டும் கூட்டத்தில் மறைந்து வாழ்கிறான். இவனுடைய தந்தை அர்பாஸ் மீரின் கதை, 2013இல் ‘பிரம்மன்’ என்ற சித்திர நாவலாகவே வந்திருந்தது. கொல்ல முடியாதவனைக் கொலை விளையாட்டின் நாவலுக்கு நாயகனாக்கியது துணிச்சலான தேர்வு.

நாவல்களைத் தவிர, இந்தியரையும் தமிழரையும் பற்றிய விளையாட்டுகளும் வந்தன. புனேயில் உருவான ‘ராஜி’ 2020இல் புராண அசுரர்களை விளையாட்டுக்குக் கொண்டுவந்தது. கனடாவில் உருவான ‘வெண்பா’ 2023இல் வந்தது. அங்கே குடியேறிய தமிழ்த் தாய், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்வதே அதில் ஆட்டம். மறுஆண்டு அது சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ்த் திரையில் 2019இன் ‘கேம் ஓவர்’, விளையாட்டில் கிடைக்கும் மறுவாய்ப்பு உயிர்களை ஒரு பெண்ணின் நிஜ இரவுக்குள் வைத்துப் பார்த்தது.

திண்டுக்கல் சமவெளி

ஆட்டத்தை நாவலாக்கும் கலையில் திண்டுக்கல் சமவெளிக்குத் தனி இடம் உண்டு. வத்தலக்குண்டு, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயரின் ஊர். சி.சு. செல்லப்பாவும் அவ்வூர்க்காரரே. அவருடைய ‘வாடிவாசல்’ ஒரே ஒரு சல்லிக்கட்டுப் பொழுதில் நடந்து முடிகிறது. தந்தையைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைய பிச்சி வருகிறான், அணைந்தும் விடுகிறான். களத்தின் கணக்கில் ஆட்டம் அங்கே முடிந்தது. செல்லப்பா முடிக்கவில்லை. தோற்று வெறிகொண்ட காளையை, அதை வளர்த்த ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். ஆர்தஸின் குதிரையைப் படித்த இளைஞர் யாரும் காரியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

மிகுபுனைவுக்கு வேண்டிய நிலமும் இங்கே தயாராக இருக்கிறது. திண்டுக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழும் மலைமேல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் தொடங்கிய கோட்டை. 1755இல் அங்கு வந்து ஆண்ட ஹைதர் அலி. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று மக்கள் சொல்லும் சிறுமலை. பூட்டுக்குச் சாவி தேடுவது சாகச விளையாட்டுகளின் அடிப்படை வேலை. இந்த ஊரின் கைவேலைப் பூட்டோ 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், இந்தப் பகுதியின் விருப்பாச்சியில் பாளையக்காரர் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ஹைதரின் துணையோடு படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். விளையாட்டு செய்பவர் கண்ணுக்கு 1780இன் போர்தான் முதலில் படும். அதற்கு முன் அவர் காத்திருந்த 8 ஆண்டுகளை ஆடிக் காட்ட முடியாது, எழுதத்தான் முடியும். இந்த மண்ணை வைத்து விளையாட்டு உருவாக்க முனையும் இளைஞர்கள் வரைகலைஞரைத் தேடும் நாளிலேயே ஒரு நாவலாசிரியரையும் தேடிக்கொள்ள வேண்டும்.