கூப்பிடப்படாத பெண்கள்

தவளக்குப்பத்தில் எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம் என்று துண்டறிக்கை வந்த அன்று, "நோவு நொடியில்லாத ஒடம்பக் கொண்டுபோய் எதுக்கு டீச்சரக்கா காட்டணும்?" என்று கேட்டாள். அறியாமை என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதுதான் வழக்கம். இங்கே மருத்துவம் நோயில்லாதவளைத் தேடி வருகிறது. வரும்போது தன் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த நியாயத்தில் ஒரு பங்கு திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களின் உடலிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையிலுள்ள சமூக நல மருத்துவ மையமும், முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியவை. ஊர்களை 114 தொகுதிகளாக்கி, குலுக்கல் முறையில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். கருவி எளியது. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பைவாயில் தடவினால் ஒரு நிமிடத்தில் மாறுபட்ட திசு வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்தார்கள். இந்தப் புற்று முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகும். முன்கூட்டிப் பார்ப்பதற்குப் பொருள் இருப்பது அதனால்தான்.

மற்றப் பாதியில் 30,958 பெண்கள். அவர்களை யாரும் பரிசோதனைக்கு அழைக்கவில்லை. ஊரில் வழக்கமாக என்ன வசதி உண்டோ அதுதான் அவர்களுக்கு. 2006 முடியும்போது அழைக்கப்பட்ட பெருங்கூட்டத்தில் 83 பேரும், எண்ணிக்கையில் குறைந்த அழைக்கப்படாத கூட்டத்தில் 92 பேரும் இந்த நோயால் இறந்திருந்தார்கள். கணக்குப்படி அழைக்கப்பட்டவர்களிடையே இறப்பு 35 சதவீதம் குறைவு. 2007இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

35 சதவீதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு 92தான் நிற்கிறது. 2014இல் எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர், மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் பரிசோதிக்கப்படாத பக்கத்தில் 254 பெண்கள் இறந்ததை எழுதினார். பாப் பரிசோதனை உலகில் அரை நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருக்கும்போது, 'ஒன்றும் செய்யாமை'யோடு ஒப்பிட்டது தகுமா என்பது அவர் கேள்வி. ஆய்வாளர் தரப்பு சொன்னது: இந்நாட்டில் பரிசோதனை இல்லாததே நடைமுறை. சான்று இல்லாமல் அரசுகள் அசையா என்ற வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் 'வழக்கமான வசதி' என்ற சொல்லில் தமிழாசிரியைக்கு இடறுகிறது. யாருடைய வழக்கம்? இல்லாமையைத்தானே அளவுகோலாக நட்டுவைத்தார்கள்?

நியூசிலாந்தில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், 1966 முதல், முன்நிலை மாற்றம் கண்டறியப்பட்ட பெண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் என்ன ஆகிறதென்று பார்த்திருந்தார். அவர்களுக்கே அது தெரியாது. 1987இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்ணியவாதிகள் 'மெட்ரோ' இதழில் எழுதினார்கள். சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. நோயாளர் உரிமையும் நாடளாவிய பரிசோதனைத் திட்டமும் அதன் பின் வந்தன. பரிசோதனையைக் கேட்டதும், சம்மதத்தைக் கேட்டதும் அங்கே ஒரே குரல்.

இவ்வளவையும் தையற்காரப் பெண்ணிடம் துணி மடித்துக்கொண்டே சொன்னேன். இன்னொன்றையும் மறைக்கவில்லை. திண்டுக்கல்லில் வந்தவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, 'ஏதோ தெரிகிறது' என்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. அந்த இடைப்பட்ட நாட்களின் பயத்தை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை. மார்பகத்துக்கு இதே கணக்குச் செல்லாது என்றும் சொன்னேன். மும்பையில் சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்த இருபதாண்டு ஆய்வில், ஐம்பதைத் தாண்டியவர்களிடம்தான் இறப்பு தெளிவாகக் குறைந்தது.

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "தொண்ணூத்திரண்டு பேரா?" என்றாள். பிறகு, "செவ்வாக்கெழம போலாம். நீங்களும் படுத்துக் காட்டுவீங்கல்ல?"