பழைய பெயரும் புதிய அதிகாரமும்: ருவாண்டாவின் கச்சாச்சா நீதிமன்றங்கள்

1994 ஏப்ரல் முதல் சூலை வரை ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையில் துட்சி மக்கள் பல இலட்சம் பேர் உயிரிழந்தனர். அதனை எதிர்த்த ஹுட்டு மக்களும் கொல்லப்பட்டனர். நாட்டின் நீதித்துறையும் உடன் குலைந்தது. நீதிபதிகளுள் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது நாட்டைவிட்டு வெளியேறினர். சிலர் படுகொலையிலும் பங்கேற்றிருந்தனர். மறுபுறம், 1990களின் இறுதியில் 1,20,000க்கும் மேற்பட்டோர் சிறைகளில் அடைபட்டிருந்தனர்.

தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2015இல் மூடப்படும்வரை 93 பேர்மீது மட்டுமே குற்றஞ்சாட்டியது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்நாட்டு நீதிமன்றங்களும் விசாரணையைத் தொடங்கின. எனினும், அவ்வேகத்தில் வழக்குகள் முடிய நூறாண்டுகளுக்கு மேலாகும் எனக் கணக்கிடப்பட்டது. இந்நெருக்கடியே கச்சாச்சா மன்றங்களுக்கு வழிவகுத்தது.

கச்சாச்சா என்னும் பெயர் புல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஊர்ப் பெரியோர் திறந்தவெளியில் கூடி நிலம், கால்நடை, குடும்பம் சார்ந்த பிணக்குகளைத் தீர்த்துவைத்த வழக்கம் அது. முறிந்த உறவைச் சீராக்குவதே அதன் நோக்கம். சிறைத்தண்டனை அதன் கருவி அன்று. 2001ஆம் ஆண்டுச் சட்டம் இப்பெயரை ஏற்று, இயல்பை மாற்றியது. மக்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் எழுதப்பட்ட சட்டத்தின்படி கொலைக் குற்றங்களையும் விசாரித்துச் சிறைத்தண்டனை விதித்தனர். முன்பு முதிய ஆடவர்க்கே உரிய இருக்கையில் பெண்களும் அமர்ந்தனர். எனவே, இதனை மரபின் மீட்சி என்பதைவிட, மரபின் பெயரால் அரசு ஊர்தோறும் நிறுவிய குற்றவியல் நீதிமன்றம் என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாடு மன்றங்களின் வலிமையையும் குறையையும் ஒருங்கே விளக்குகிறது. 2002இல் சோதனை முறையில் தொடங்கி, 2005இல் நாடு முழுவதும் விரிந்து, 2012 சூனில் நிறைவுற்ற ஏறத்தாழ 12,000 மன்றங்கள் 19 இலட்சம் வழக்குகளை முடித்தன. அவற்றுள் பெரும்பகுதி சொத்து தொடர்பானவை. குற்றத்தை ஒப்புக்கொண்டோர்க்குத் தண்டனை குறைந்தது. உறவினரின் உடல்கள் புதைக்கப்பட்ட இடங்களைப் பல குடும்பங்கள் அறிந்தன. ஆயின், குற்றஞ்சாட்டப்பட்டோர் சார்பில் வழக்கறிஞர்கள் வாதிட இடமில்லை. நடுவர்கள் குறுகிய பயிற்சி மட்டுமே பெற்றிருந்தனர்.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. 1994இல் ஆட்சியைக் கைப்பற்றிய ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினர் புரிந்த கொலைகள் இம்மன்றங்களுக்கு வரவில்லை. படைத்துறை நீதிமன்றங்கள் விசாரித்தவையும் சிலவே. அக்கொலைகளில் உறவினரை இழந்தோர், அண்டை வீட்டாரின் இழப்பு பேசப்பட்ட மன்றத்தில் தம் இழப்பைப் பேச இயலாதவராயினர். ஊர்க்கூட்டத்தின் பழைய உரிமையான தடையற்ற பேச்சு, அரசு வகுத்த எல்லைக்குள் சுருங்கியது.

பிணக்குத் தீர்க்கும் பழைய பணி, அபுன்சி எனப்படும் ஊர் நடுவர் குழுக்களிடம் இன்று தொடர்கிறது. போருக்குப் பிந்தைய நீதி அமைப்புகளை முடிக்கப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. யாருடைய இழப்பு வழக்காக ஏற்கப்பட்டது என்பதையும் வரலாறு கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.